அப்பா கட்டட மேஸ்திரி. அவரைப் பற்றி நான்கு பக்கம் எழுத வேண்டும், முதல் வரியே வரவில்லை

கடைசிக்கல் (இழையைத் தொடங்கியவர்)

அப்பா போய் இரண்டு மாதம் ஆகிறது. நாற்பது வருடத்துக்கு மேல் கட்டட வேலை. பெயர் சொல்லும்படி பெரிய கட்டடம் எதுவும் கிடையாது. சிறிய ஊரில் வீடுகள், சில கடைகள், ஒரு பள்ளியின் சுற்றுச்சுவர், கணக்கில்லாத படிக்கட்டுகள். அவ்வளவுதான்.

குடும்பத்துக்குள் மட்டும் ஒரு சிறு நினைவு மலர் போடுகிறோம். அதில் நான்கு பக்கம் என் பொறுப்பு. "கடின உழைப்பாளி, நேர்மையானவர், குடும்பத்தின் தூண்" என்று எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். யாருடைய அப்பாவுக்கும் பொருந்தும். தம்பி அதைப் பார்த்துவிட்டு, "தூண் என்று எழுதாதே அக்கா, அவர் இருந்தால் எத்தனை கம்பி போட்ட தூண் என்று கேட்பார்" என்றான். சிரித்தோம். அப்புறம் சிரிக்க முடியவில்லை.

கையில் இருப்பது இவைதான்: கருவிகள் ஒரு சாக்கு நிறைய, அம்மாவின் நினைவு, பதினோரு நோட்டுகள். நோட்டுகளில் எல்லாம் அளவுகள், மூட்டைக் கணக்கு, ஆள் கணக்கு. சொந்த விஷயம் ஒரு வரி கிடையாது. சில பக்கங்களின் ஓரத்தில் மட்டும் சிறு சிறு நிற்கும் கோடுகள். ஒரு பக்கத்தில் 7, பெரும்பாலும் 14, இரண்டு இடத்தில் 21. சில கோடுகளின் தலையில் 'ம' என்று ஓர் எழுத்து. ஒரே ஒரு பக்கத்தில் 13 கோடு, நடுவே ஓர் இடைவெளி. சம்பளக் கணக்கோ என்று பார்த்தேன், எந்தத் தொகையோடும் ஒட்டவில்லை.

இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி எழுதியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எங்கே தொடங்குவது?

---

சாரக்கயிறு

மகளே, அது சம்பளக் கணக்கு இல்லை, தண்ணீர்க் கணக்கு.

மேல்தளம் போட்ட மறுநாள் அதன்மேல் சிறு சிறு பாத்தியாகக் கலவையால் வரப்பு கட்டித் தண்ணீரை நிறுத்துவோம். அது வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் முடிந்தால் ஒரு கோடு. நான் சுவரில் கரியால் போடுவேன், பூச்சு பூசும்போது மறைந்துவிடும். உன் அப்பா நோட்டில் போட்டிருக்கிறார், என்னைவிட ஒழுங்கானவர். 'ம' என்றால் மழையாகத்தான் இருக்கும். அன்று ஊற்றுகிற வேலை மிச்சம், ஆனாலும் நாள் கணக்கில் சேரும்.

முப்பத்தைந்து வருடம் கரணை (கொத்துக் கரண்டி) பிடித்த கை சொல்கிறது: ஒரு மேஸ்திரியை அளக்க வேண்டுமென்றால் பூச்சைப் பார்க்காதே, தண்ணீரைப் பார். பூச்சு எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் ஊற்றாமல் விட்டால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. பத்து வருடம் கழித்துத்தான் தெரியும், அப்போது யாரும் மேஸ்திரியைத் தேட மாட்டார்கள்.

13 கோடு? ஒரு நாள் விட்டுப்போயிருக்கும். மனிதர்தானே.

---

மூலமட்டம்

நான் கட்டடப் பொறியாளர். பெரியவர் சொன்னதற்குக் காரணத்தைச் சேர்க்கிறேன், உங்கள் கட்டுரைக்கு உதவலாம்.

காங்கிரீட் காய்ந்து இறுகுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் சிமெண்டும் தண்ணீரும் வேதிவினை புரிந்து புதுப் படிகங்களாகிக் கல்லாகின்றன. அந்த வினைக்கு ஈரம் வேண்டும். ஈரம் போனால் வினை நின்றுவிடும், காங்கிரீட் பாதி வழியில் நிற்கும். வடிவமைப்பில் நாங்கள் எடுத்துக்கொள்வது 28 நாள் பலம். சாதாரண சிமெண்டில் ஏறக்குறைய அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 7 நாளிலேயே வந்துவிடும். அதனால்தான் 7 என்பது குறைந்தபட்சக் கணக்கு, வெயில் காலத்தில் அது போதாது. உங்கள் அப்பா 14 வைத்திருக்கிறார், அதுவே பல இடங்களில் கேட்டு வாங்க வேண்டிய விஷயம்.

வேடிக்கை என்னவென்றால், கலக்கும்போது தண்ணீர் எதிரி, கலந்து போட்ட பிறகு நண்பன். கலவையில் சிமெண்டுக்குத் தண்ணீரின் விகிதம் கூடக் கூடப் பலம் குறையும் என்பதை டஃப் ஏப்ராம்ஸ் என்பவர் 1918-இல் சோதனைகளோடு வெளியிட்டார். கலவை எளிதாக ஓடட்டும் என்று ஒரு வாளி அதிகம் ஊற்றுவதும், போட்ட பிறகு ஒரு வாளி குறைவாக ஊற்றுவதும் ஒரே ஆள் செய்கிற இரண்டு தவறுகள்.

21 கோடு உள்ள பக்கங்களில் என்ன வேலை என்று பாருங்கள். நீளமான உத்திரம் இருந்தால் அடியில் தாங்கும் முட்டுகளை அத்தனை நாள் விட்டுவைத்திருப்பார்.

---

அரைக்கல்

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. இந்த இழை எங்கே போகும் என்றும் தெரிகிறது. அப்பா தண்ணீர் ஊற்றினார், அப்பா தெய்வம்.

என் அப்பாவும் வீடு கட்டிக்கொடுத்தவர். ஊரில் பாதிப் பேர் அவர் கட்டிய கூரையின் கீழ்தான் தூங்கினார்கள். எங்கள் வீட்டுச் சுவருக்குப் பூச்சு பூச 19 வருடம் ஆனது. மழை பெய்தால் செங்கல் வாசனை அறைக்குள் வரும். "அடுத்த வேலை முடியட்டும்" என்பதுதான் அவர் எங்களிடம் அதிகம் பேசிய வாக்கியம். பள்ளிக்கூட விழாக்களில் அவர் வந்த நாள் எனக்கு ஒன்றுகூட நினைவில்லை. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டியது அவர்தான். அங்கே மட்டும் தினமும் வந்தார்.

குடும்பத்தின் தூண் என்று எழுதும் முன் குடும்பத்தைக் கேளுங்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

---

கடைசிக்கல்

அரைக்கல், கோபம் இல்லை. எங்கள் வீட்டிலும் இது உண்டு. தம்பி பிறந்த அன்று அப்பா பொழுது சாய்ந்துதான் மருத்துவமனைக்கு வந்தார். அம்மா இதை இன்றுவரை விட்டதில்லை. ஏதாவது பேச்சில் "பிள்ளை பிறந்ததைப் பார்க்கவே விளக்கு வைத்துத்தான் வந்தார்" என்று முடிப்பார்.

உங்கள் பதிலைப் படித்ததும் அந்தத் தேதியை நோட்டில் தேடினேன். இருக்கிறது. ஒரு வீட்டின் மேல்தளத்துக்கு ஐந்தாம் கோடு. பக்கத்திலேயே "ஆள் இல்லை" என்று எழுதியிருக்கிறார். அதாவது அன்று வேலைக்கு யாரும் வரவில்லை, தானே ஏறி ஊற்றியிருக்கிறார்.

அம்மாவிடம் காட்டினேன். மனம் இளகும் என்று நினைத்தேன். "அதனால் என்ன, ஊற்றிவிட்டு மதியமே வந்திருக்கலாம்" என்றார். நியாயம்தான்.

---

வாசல்படி

என் வீட்டுக்காரரும் இதே தொழில். இருந்தார், இப்போது இல்லை. நான் இந்தப் பக்கத்தில் அதிகம் எழுதுவதில்லை, படிப்பதோடு சரி.

மேஸ்திரி வீட்டில் மழை என்பது வேறு மாதிரி. எல்லாரும் மழை வந்தால் போர்வையை இழுத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் முதல் துளி ஓட்டில் விழுந்ததும் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அன்று மாலை போட்ட தளம் இன்னும் இறுகியிருக்காது, மழை அடித்தால் மேலே இருக்கிற சிமெண்டுப் பால் கழுவிப் போய் மணல் தெரியும். தார்ப்பாயைத் தலையில் போட்டுக்கொண்டு நடு இரவில் போவார். அதே மழை நான்கு நாள் கழித்து வந்தால் அவருக்கு அப்படி ஒரு தூக்கம் வரும்! நான் மழைச் சத்தத்தைக் கேட்டே எந்த வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

பணம் பற்றி யாரும் எழுதவில்லை. அஸ்திவாரத்துக்கு இவ்வளவு, தளத்துக்கு இவ்வளவு என்று பகுதி பகுதியாகத்தான் கைக்கு வரும். கடைசிப் பகுதி இருக்கிறதே, அது வராது. குடிபோன பிறகு கதவு இடிக்கிறது, குழாய் ஒழுகுகிறது என்று ஏதாவது சொல்லி இழுப்பார்கள். கேட்டுப் போக இவருக்குக் கூச்சம். ஆனால் வாரச் சம்பளம் நிற்க முடியாது, ஆட்கள் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். எண்ணிக் கொடுத்தது நான். இல்லாதபோது இல்லை என்று சொன்னதும் நான்தான்.

உங்கள் அம்மாவிடம் அப்பாவைப் பற்றிக் கேட்காதீர்கள். அம்மா என்ன செய்தார் என்று கேளுங்கள். அப்பா தானாக வருவார்.

---

பழையதாள்

பழைய ஆவணங்களோடு பழகுகிற ஆள் நான். கோடுகளைப் பற்றிப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது.

எகிப்தில் டெய்ர் எல்-மெதினா என்று ஒரு கிராமம் இருந்தது. அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து கட்டிய தொழிலாளிகள் குடும்பத்தோடு வாழ்ந்த இடம். அங்கே கிடைத்த ஒரு சுண்ணாம்புக்கல் துண்டு இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாம் ராம்சேஸ் ஆட்சியின் நாற்பதாம் ஆண்டைச் சேர்ந்தது, அதாவது 3,200 வருடத்துக்கு மேல் பழையது. அது ஒரு வருகைப் பதிவேடு. நாற்பது ஆட்களின் பெயர், வராத நாட்கள் கறுப்பு மையில், காரணம் சிவப்பு மையில். உடம்பு சரியில்லை, கண் நோய், தேள் கொட்டியது, தாய்க்கு இறுதிச் சடங்கு, சொந்த வீட்டைக் கட்டப் போனான். இப்படிப் போகிறது.

அந்தக் கல்லறைகளில் அரசர்களுக்காக எழுதியிருப்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே பாட்டு. தேள் கொட்டி வேலைக்கு வராதவன்தான் எனக்கு ஆளாகத் தெரிகிறான். உங்கள் "ஆள் இல்லை" என்ற குறிப்பும் அந்த இனம். அதைத் தட்டச்சு செய்து போடாதீர்கள், பக்கத்தைப் படமெடுத்து அப்படியே போடுங்கள்.

முதல் வரி தேடுகிறீர்கள் என்றால், கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் 1723-இல் இறந்தபோது அவர் கட்டிய லண்டன் செயின்ட் பால் பேராலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். கல்லறைக்கு மேலே லத்தீனில் ஒரு வாசகம்: அவருடைய நினைவுச் சின்னத்தைத் தேடுகிறாய் என்றால் சுற்றிப் பார். இதைவிடச் சுருக்கமாக ஒரு கட்டுநரைச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

---

அரைக்கல்

சுற்றிப் பார்த்தால் ரென்னைத் தெரியும், சரி. அந்தக் கல்லைத் தூக்கி வைத்தவனைத் தெரியுமா? எங்கள் அப்பா கட்டிய வீடுகளின் முகப்பில் வீட்டுக்காரர் பெயர் பெரிதாக இருக்கும். வரைபடம் போட்டவர் பெயர் கோப்பில் இருக்கும். கட்டியவர் பெயர் எங்கேயும் கிடையாது. வீடு விற்றால், இடித்துக் கட்டினால், முடிந்தது.

தேள் கொட்டியவன் கதை மட்டும் பிடித்திருக்கிறது.

---

மூலமட்டம்

கட்டியவர் பெயர் எப்போது வரும் தெரியுமா? விழுந்தால் வரும். பாபிலோன் அரசர் ஹம்முராபியின் சட்டத்தில், சுமார் 3,750 வருடம் முன்பே, வீடு இடிந்து வீட்டுக்காரன் செத்தால் கட்டியவனுக்கு மரண தண்டனை. சுவர் சாய்ந்தால் சொந்தச் செலவில் கட்டிக்கொடுக்க வேண்டும். நன்றாக நின்றால் அவனுக்கு என்ன? பேசிய கூலிதான். நின்ற வீடுகளைப் பற்றி யாரும் விசாரணை நடத்துவதில்லை.

---

சித்தாள்மகள்

கொஞ்சம் கசப்பாக ஒன்று சொல்கிறேன், மன்னிக்கவும்.

"தண்ணீர் ஊற்றினார்" என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். என் அம்மா இருபத்திரண்டு வருடம் சித்தாள். மேஸ்திரி தண்ணீர் ஊற்றச் சொல்வார், ஊற்றியது என் அம்மா. தொட்டியில் மொண்டு, இடுப்பில் ஒன்று தலையில் ஒன்று, கைப்பிடி இல்லாத படியில் மேலே. செங்கல் ஊறப்போடுவதும் அவர்தான், கலவைச் சட்டியை எட்டிக் கொடுப்பதும் அவர்தான். கொத்தனார் ஆவதற்கு மட்டும் யாரும் கூப்பிடவில்லை. கரணையைக் கழுவி வைக்கலாம், பிடிக்கக் கூடாது.

ஈர சிமெண்டு கடும் காரம், தோலை அரிக்கும். அதிலுள்ள குரோமியத்தால் வரும் ஒவ்வாமை ஒருமுறை வந்தால் போகாது. அம்மாவின் விரல்கள் எப்போதும் வெடித்தே இருக்கும், நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுவார். கல் அறுக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலைத் தழும்பாக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே வகைப்படுத்திவிட்டது. எங்கள் பக்கம் முகத்தில் கட்டிய துண்டுதான் கவசம்.

உங்கள் அப்பா நல்லவர் இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த நோட்டில் ஆள் கணக்கு இருக்கிறதே, அதில் பெண்களின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அவ்வளவுதான்.

---

கடைசிக்கல்

நேற்று இரவு முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். கொத்தனார்களுக்குப் பெயர் இருக்கிறது. பெண்களுக்குப் பாதி இடத்தில் "சி. 3", "சி. 4" என்று எண்ணிக்கை மட்டும்தான். மீதி இடத்தில் "பெரிய அக்கா", "கிணற்றடி அக்கா", "கைக்குழந்தைக்காரி". உங்கள் கேள்வி வராவிட்டால் அந்தப் பக்கங்களை நான் புரட்டிவிட்டுப் போயிருப்பேன். கைக்குழந்தைக்காரியின் பெயரை அம்மா சட்டென்று சொன்னார். அந்தக் குழந்தையை எங்கள் வீட்டுத் தூளியில் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவாராம். மற்ற இருவரையும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

தேடும்போது வேறொன்று அகப்பட்டது. எட்டாவது நோட்டில் ஒரு பக்கம் முழுக்கக் குறுக்கே அடித்திருக்கிறது. ஒரு படிக்கட்டின் கணக்கு. அடுத்த பக்கத்தில் அதே படிக்கட்டு புதிதாக. அப்பாவிடம் கடைசி வரை வேலை செய்த ஒரு தாத்தா இருக்கிறார், அவரிடம் கேட்டேன். முதலில் "அதெல்லாம் எதற்கம்மா" என்றார். அப்புறம் சொன்னார்.

மேல் தளத்தில் தரைக்கல் பதித்தால் எவ்வளவு உயரும் என்பதை அப்பா கணக்கில் விட்டுவிட்டார். படி போட்டு முடிந்தது. தரை போட்டதும் கடைசிப் படி மட்டும் மற்றவற்றைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் கூடுதல். வீட்டுக்காரர் கவனிக்கவே இல்லை. அப்பா இரண்டு நாள் அந்தப் படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாராம். மூன்றாம் நாள் சம்மட்டி எடுத்து வரச் சொல்லிவிட்டார். பொருளும் கூலியும் சொந்தக் கையிலிருந்து.

பெரியப்பா, இது மலரில் வேண்டாம் என்கிறார். தப்பைப் போய் யாராவது அச்சடிப்பார்களா என்று கேட்கிறார். என்ன செய்யட்டும்?

---

சாரக்கயிறு

அச்சடி மகளே. எல்லாரும் செய்கிற தப்புதான் அது. நான் மூன்று முறை செய்திருக்கிறேன். ஒரு முறைதான் இடித்தேன். மற்ற இரண்டு வீட்டிலும் யார் யார் கால் தடுக்கினார்களோ, தெரியாது.

---

மூலமட்டம்

படியில் ஓர் அங்குலம் என்பது சின்ன விஷயம் இல்லை. முதல் இரண்டு படி ஏறியதும் கால் அளவைக் கற்றுக்கொள்கிறது, அப்புறம் கண் பார்ப்பதில்லை. ஒன்று மாறினாலும் தடுக்கும், அதுவும் இறங்கும்போது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளோந்தெல் 17-ஆம் நூற்றாண்டிலேயே மனித நடையை வைத்துப் படிக்கு ஒரு கணக்குச் சொன்னார்: உயரம் இரண்டு மடங்கு, அதோடு மிதியின் (கால் வைக்கும் பரப்பின்) அகலம், கூட்டினால் ஒரு காலடித் தூரம். இன்று பொதுவாக 60 முதல் 64 செ.மீ. என்று வைத்துக்கொள்கிறோம். அப்பாவின் புதுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

---

கடைசிக்கல்

உயரம் ஆறரை அங்குலம், மிதி பதினொன்று. இரண்டு ஆறரை பதிமூன்று, மொத்தம் இருபத்து நான்கு. செ.மீ.யில் 61 வருகிறது. அப்பா எட்டாவதோடு நின்றவர். புளோந்தெல் பெயரெல்லாம் கேள்விப்பட்டிருக்க வழியே இல்லை.

---

சாரக்கயிறு

பெயர் எதற்கு? எங்களுக்கு "ரெண்டு ஏத்தம் ஒரு மிதி, ரெண்டடி" என்று சொல்லிக்கொடுத்தார்கள். காதில் விழுந்தது கைக்கு வந்தது.

---

அரைக்கல்

சும்மா இருக்க முடியாமல் நேற்று எங்கள் பழைய வீட்டுக்குப் போய் டேப் வைத்து அளந்தேன். பதினைந்து படி. பதினான்கும் பதினாறரை செ.மீ. மில்லிமீட்டர் பிசகவில்லை. கடைசி ஒன்று மட்டும் பத்தொன்பது.

சின்ன வயதில் அந்தப் படியில்தான் நாங்கள் எல்லாரும் விழுவோம். "பார்த்து ஏறக் கூடாதா" என்று அப்பா திட்டுவார். ஊரார் வீட்டுப் படியென்றால் இடித்திருப்பார்!

கொஞ்ச நேரம் அதிலேயே உட்கார்ந்திருந்தேன். வேறொன்றும் இல்லை.

---

பழையதாள்

பெரியப்பா சம்மதிக்காவிட்டால் இப்படிச் செய்து பாருங்கள்: அடித்த பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் படமாகப் போடுங்கள், விளக்கம் எழுதாமல். தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

இன்னொன்று, அவசரமானது. அந்தத் தாத்தாவின் குரலைப் பதிவு செய்யுங்கள். உட்கார வைத்துப் பேட்டி எடுத்தால் "நல்ல மனுஷன்" என்று மட்டும்தான் வரும். அப்பாவின் கருவிச் சாக்கை அவர் முன்னால் கொட்டி, ஒவ்வொன்றாகக் கையில் கொடுங்கள். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டைத் தொட்டதும் ஒரு கதை வரும். மட்டம் பார்க்கும் ரசமட்டத்தில் எந்தப் பக்கம் லேசாகப் பொய் சொல்லும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கருவிகளை எண்ணெய் போட்டுப் பளபளப்பாக்கிவிடாதீர்கள், முதலில் இருக்கிறபடியே படம் எடுங்கள். பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்தும் மணியாசுக் கட்டையின் கைப்பிடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதும் ஒரு தகவல்தான்.

---

கடைசிக்கல்

மணியாசுக் கட்டை இடப்பக்கம் தேய்ந்திருக்கிறது. அப்பா இடதுகைக்காரர். எழுதுவது மட்டும் வலது கையில், பள்ளியில் அடித்து மாற்றியிருக்கிறார்கள். இதை நான் எழுத நினைக்கவே இல்லை பாருங்கள், வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்று.

---

வாசல்படி

அம்மாவிடம் கேட்டீர்களா?

---

கடைசிக்கல்

கேட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நோட்டுகள் எல்லாவற்றையும் அம்மா முன்னால் பரப்பி வைத்து, அப்பாவைப் பற்றி எதுவும் கேட்காமல், "இதில் நீ என்ன செய்தாய்" என்று மட்டும் கேட்டேன். "நான் என்ன செய்தேன், கணக்கு கேட்பேன், சண்டை போடுவேன்" என்றார். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். கோடுகள் வரும் இடத்தில் மட்டும் விரல் நின்று நின்று போனது.

13 கோடு உள்ள பக்கத்தில் நிறுத்தினார். "இது அவர் போட்டது இல்லை" என்றார்.

உற்றுப் பார்த்தால் அப்போதுதான் தெரிகிறது. அப்பாவின் கோடுகள் நேராக, ஒரே உயரத்தில் நூல் பிடித்த மாதிரி நிற்கும். அந்தப் பக்கத்தில் முதல் மூன்றுதான் அப்படி. நான்காவதிலிருந்து சாய்ந்து, ஒன்று நெட்டையாக, ஒன்று குட்டையாக. இத்தனை நாள் இதே பக்கத்தை வைத்துக்கொண்டு எண்ணிக்கையை மட்டும் பார்த்திருக்கிறேன்.

தளம் போட்ட நான்காம் நாள் அப்பா காய்ச்சலில் விழுந்திருக்கிறார். எழுந்து நிற்கவே முடியவில்லை. முன்பணம் வரவில்லை என்று ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கைக்குழந்தைக்காரி மட்டும் வந்திருக்கிறார். அம்மாவும் அவருமாக அந்த வீட்டுக்கு நடந்து போய், காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, ஊற்றிவிட்டு வந்திருக்கிறார்கள். எனக்கு அப்போது இரண்டு வயது. அந்தக் குழந்தையையும் என்னையும் கீழே மணல் குவியலில் விட்டுவிட்டு இருவரும் மாறி மாறி ஏறினார்களாம். வந்ததும் அப்பா படுத்த இடத்திலிருந்தே நோட்டை நீட்டுவாராம், கோடு போடு என்று. "எனக்கு எழுத வராது என்றேன். கோட்டுக்கு என்ன எழுத்து என்றார்" என்று சொல்லும்போது அம்மா அப்பாவின் குரலிலேயே சொன்னார்.

நான் இடைவெளியைக் காட்டி, "ஒரு நாள் விட்டுப்போயிற்றா?" என்று கேட்டேன்.

"அன்றைக்கு மழை" என்றார். "அவர் மழைக்கும் சேர்த்துப் போடச் சொன்னார். நான் போடவில்லை. நான் தூக்காத தண்ணீருக்கு நான் ஏன் கோடு போடணும்?"